மார்கழிக் குளிரில் காளான் குடிலுக்கு வெந்நீர்ப் பனித்தூவல் தேவையா?



கார்த்திகை தீபம் முடிந்ததும் பால் காளான் போடுகிற நண்பர்களிடமிருந்து ஒரே கேள்வி வரத் தொடங்கிவிடும். "குடில் ஆறிப்போச்சுங்க, மொட்டே கட்ட மாட்டேங்குது. ஃபாகருக்குப் போற தண்ணியைச் சூடு பண்ணி அடிச்சா சரியாயிருமா?" நான் சத்தியமங்கலம் பக்கம் சிறிய அளவில் காளான் வளர்க்கிறேன். இந்தக் கேள்விக்கு ஆம், இல்லை என்று ஒற்றை வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. வெந்நீருக்கு வேலை இருக்கிறது. ஆனால் அந்த வேலை ஃபாகர் வழியாக நடக்காது. ஏன் என்று தெரிந்துகொண்டால் பணமும் மிச்சம், படுக்கையும் பிழைக்கும்.

முதலில், குளிர் என்ன செய்கிறது?

பால் காளான் நம் மண்ணுக்கான காளான். 1974-ல் மேற்கு வங்காளத்திலிருந்து இதை விவரித்து எழுதினார்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஏபிகே 2 என்ற ரகத்தை 1998-ல் வெளியிட்ட பிறகு நம் ஊர்களில் பரவியது. வெயில்தான் இதற்குப் பிடிக்கும். 30 முதல் 35 டிகிரி வெப்பமும், 80 முதல் 85 சதவீதக் காற்று ஈரமும் இருந்தால் தானாக வரும். சித்திரை, வைகாசியில் கேட்கவே வேண்டாம்.

வைக்கோல் உருளையில் வித்து பரவி முடிந்ததும் அதை இரண்டாக வெட்டி, மேலே முக்கால் அங்குல உயரத்துக்கு அவித்த மண்ணைப் பரப்புகிறோம். இதைத்தான் மேற்பூச்சு மண் என்கிறோம். நல்ல பருவத்தில் எட்டிலிருந்து பத்து நாளில் மொட்டு தெரியும். அடுத்த ஒரு வாரத்தில் அறுவடை. மார்கழியில் அந்த மேற்பூச்சு மண் 25 டிகிரிக்குக் கீழே இறங்கினால் மொட்டு கட்டுவது தள்ளிப்போகும். கட்டிய மொட்டும் வளராமல் மஞ்சளாகி நின்றுவிடும். அதன் மேலே ஈரமும் தங்கினால் பாக்டீரியா புகுந்து வழவழவென்று அழுகும். ஒரு படுக்கையில் ஆரம்பித்தால் பக்கத்துப் படுக்கைக்கும் போகும்.

இதில் கவனிக்க வேண்டியது, குளிர்கிறது என்று நாம் சொல்வது காற்றை. காளானுக்கு முக்கியம் மண்ணின் சூடு. பகலில் கொட்டகைக் காற்று 29 டிகிரி காட்டினாலும், காலையில் தொட்டித் தண்ணீர் வாங்கிய மேற்பூச்சு மண் 22-லேயே நிற்கலாம். அதனால் சுவரில் மாட்டிய வெப்பமானியை மட்டும் நம்பாதீங்க. இன்னொரு வெப்பமானியின் முனையை மேற்பூச்சு மண்ணுக்குள் அரை அங்குலம் செருகிப் பாருங்க. எந்த வைத்தியமும் அந்த எண்ணைப் பார்த்த பிறகுதான்.

துளிக்குள் இருக்கும் கணக்கு

வெந்நீரை ஃபாகரில் விட்டால் சூடான பனி வரும், குடில் சூடாகும் என்று நினைப்பது இயல்பு. ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம்.

ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடேற்ற ஒரு கிலோ கலோரி வெப்பம் வேண்டும். அதே ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வேண்டும் என்றால் சுமார் 580 கிலோ கலோரி வேண்டும். அந்த வெப்பத்தை அது காற்றிலிருந்தும், தான் ஒட்டியிருக்கும் பொருளிலிருந்தும் பிடுங்கிக்கொள்ளும். மண்பானைத் தண்ணீர் குளிர்வது இதனால்தான். வேர்த்த உடம்பில் காற்று பட்டால் சில்லென்று இருப்பதும் இதனால்தான்.

இப்போது ஒரு குடிலில் நாளொன்றுக்கு 40 லிட்டர் தண்ணீரைத் தூவுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குச் சூடேற்றினால் உள்ளே போகிற கூடுதல் வெப்பம் 40 பெருக்கல் 20, அதாவது 800 கிலோ கலோரி. மின்சாரத்தில் சொன்னால் ஒரு யூனிட்டுக்கும் கொஞ்சம் குறைவு. அந்த 40 லிட்டரில் ஒன்றரை லிட்டர் ஆவியானாலே 870 கிலோ கலோரி போய்விடும். நாம் காசு கொடுத்து ஏற்றிய சூடு முழுக்க அங்கேயே தீர்ந்தது. 10 லிட்டர் ஆவியானால் 5,800 கிலோ கலோரி. கொடுத்தது 800, இழந்தது 5,800. குடில் எப்படிச் சூடாகும்?

இரண்டாவது விஷயம் துளியின் அளவு. ஃபாகர் தருவது முடியைவிட மெல்லிய துளி. அவ்வளவு சின்னத் துளி நாசிலை விட்டு வெளியே வந்த கண் இமைக்கும் நேரத்தில் தன் சூட்டை இழந்துவிடும். சுற்றியுள்ள காற்றின் சூட்டுக்கு இறங்குவதோடும் நிற்காது, அதற்கும் கீழே போகும். வெப்பமானியின் முனையில் ஈரத்துணி சுற்றிக் காற்றாட வைத்தால் ஒரு எண் காட்டும் அல்லவா, அந்த எண் வரை போகும். காற்று 22 டிகிரி, ஈரம் 70 சதவீதம் என்றால் ஈரத்துணி காட்டுவது சுமார் 18 டிகிரி. நாசிலுக்குள் 40 டிகிரியில் நுழைந்தாலும், 20 டிகிரியில் நுழைந்தாலும், ஆறடி உயரத்திலிருந்து படுக்கையில் இறங்கும்போது துளி ஏறக்குறைய அந்த 18-ஐ நோக்கித்தான் வந்திருக்கும்.

"ஏனுங்க, காற்று ஏற்கெனவே முழு ஈரமாக இருந்தால்?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி. காற்றில் ஈரம் 95 சதவீதத்தைத் தாண்டினால் ஆவியாவது குறையும், வெந்நீரின் சூடு கொஞ்சம் தங்கும். ஆனால் அப்போது அந்தக் குடிலுக்குத் தண்ணீர் தூவவே தேவையில்லை. தேவையில்லாத ஈரத்தை ஒரு யூனிட் சூட்டுக்காக ஏற்றினால் அழுகலைத்தான் வரவேற்கிறோம்.

வாங்கும் முன் அளந்து பார்த்தோம்

எங்கள் பக்கத்து ஊரில் எட்டுப் பெண்கள் சேர்ந்து ஒரு குடில் வைத்திருக்கிறார்கள். தை முகூர்த்தங்களுக்குக் காளான் கேட்டு முன்பணமும் வாங்கியிருந்தார்கள். சிப்பிக் காளான் பறித்த மறுநாளே வாடிவிடும், பால் காளான் சில நாள் தாங்கும். அதனால் சமையல்காரர்கள் பால் காளான்தான் கேட்கிறார்கள். மார்கழி முதல் வாரத்தில் மொட்டு நின்றுபோனது. ஒரு விற்பனையாளர் வந்து, மிஸ்ட் லைனில் ஹீட்டர் பொருத்தினால் ஒரே வாரத்தில் சரியாகும் என்று முப்பதாயிரம் ரூபாய்க்கு விலை சொல்லியிருக்கிறார். குழுவின் தலைவி என்னைக் கூப்பிட்டார்.

"அண்ணா, சங்கத்துல கடன் எடுத்து வாங்கிப் போட்டறலாமுங்களா? முன்பணம் வாங்கிட்டமுங்க, பேர் கெட்டுப்போயிருமுங்க."

"பொறு அம்மிணி. காசு எங்கயும் போகாது. முதல்ல அளந்து பார்த்துப்போடலாம்."

வீட்டில் கொதிக்க வைத்த தண்ணீரை வாளியில் கலந்து 45 டிகிரிக்குக் கொண்டுவந்தோம். ஃபாகர் மோட்டாரின் உறிஞ்சு குழாயை அந்த வாளிக்குள் விட்டோம். ஒரு வெப்பமானியை நாசிலுக்கு ஒட்டி, இன்னொன்றைப் படுக்கை மட்டத்தில் பிடித்தோம். குடில் காற்று அப்போது 22 டிகிரி. நாசிலை ஒட்டிய வெப்பமானி ஏறியது. படுக்கை மட்டத்தில் இருந்தது இரண்டு நிமிடத்தில் 20-க்கு இறங்கியது. அந்த அம்மிணி வெப்பமானியை வாங்கி, தானே மறுபடியும் ஒருமுறை பிடித்துப் பார்த்தார். அதே கதைதான். ஹீட்டர் வேண்டாம் என்று முடிவானது. பிறகு செய்தவற்றைத்தான் கீழே சொல்லப்போகிறேன்.

இந்தச் சோதனைக்கு ஆகும் செலவு இரண்டு வெப்பமானி. நீங்களும் செய்து பாருங்க. நான் சொன்னேன் என்று நம்ப வேண்டாம்.

வெந்நீரைத் தெளிக்காதீங்க, மூடி வைங்க

வெந்நீரின் சூட்டை ஆவியாதல் திருடுகிறது என்றால், ஆவியாக விடாமல் வைத்தால் சூடு முழுக்க நமக்குத்தானே? விஷயமே இதுதான்.

நாம் எல்லோரும் வைக்கோல் அவிக்கிறோம். இயற்கை வழியில் போகிறவர்கள் ஃபார்மலினில் ஊறவைப்பதில்லை. டிரம்மில் தண்ணீர் விட்டு, விறகு போட்டு, வைக்கோலை வேகவைத்து எடுக்கிறோம். வைக்கோலை எடுத்த பிறகு டிரம்மில் மிஞ்சும் பழுப்புத் தண்ணீரை என்ன செய்கிறோம்? சாக்கடையில் ஊற்றுகிறோம். அது எரித்த விறகின் சூடு. 200 லிட்டர் தண்ணீர் 70 டிகிரியிலிருந்து 30 டிகிரிக்கு ஆறும்போது வெளிவிடும் வெப்பம் 8,000 கிலோ கலோரி. ஒன்பது யூனிட் மின்சாரத்துக்குச் சமம். ஃபாகர் வெந்நீர் கொடுத்ததைப்போலப் பத்து மடங்கு, அதுவும் ஒரு சொட்டு ஈரம் ஏறாமல்.

அதனால் வைக்கோல் அவிக்கும் நேரத்தைக் காலையிலிருந்து மதியத்துக்கு மாற்றுங்க. மூடியுள்ள இரும்பு டிரம்மைக் குடிலின் நடுப்பாதையில் முன்கூட்டியே செங்கல் மேல் நிறுத்திவிடுங்க. வைக்கோலை எடுத்ததும் தண்ணீரைக் கொஞ்சம் ஆறவிட்டு, வெப்பம் தாங்கும் குழாய் வழியாக அந்த டிரம்முக்குள் இறக்கி, மூடியை இறுக்கிவிடுங்க. சூடு ஆறும்போது டிரம் உள்வாங்காமல் இருக்க, மூடியிலுள்ள சின்னத் துளையை மட்டும் கொஞ்சம் தளர்த்தி வையுங்க. கொதிக்கும் டிரம்மை உருட்டுவதோ, இரண்டு பேர் தூக்குவதோ கூடவே கூடாது. சாதாரண பிளாஸ்டிக் டிரம் அந்தச் சூட்டில் இளகும், வேண்டாம். குழந்தைகள் குடிலுக்குள் வராமல் பார்த்துக்கொள்ளுங்க. மறுநாள் ஆறிய தண்ணீரைத் தென்னம்பாத்திக்கோ எருக்குழிக்கோ விடலாம், வீணாகாது.

வைக்கோல் அவிக்காத நாளில்? தண்ணீர் நிரப்பிய கறுப்பு டிரம்களைப் பகலில் வெயில் படும் இடத்தில், குடிலின் தெற்குப் பக்கம், சில்பாலினுக்கு உள்ளேயே வரிசையாக வைக்கலாம். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் அந்தப் பக்கம் வெயில் நன்றாக விழும். அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் நிழல்வலையை மதியம் வரை சுருட்டி விடுங்க. நேர் வெயில் படுக்கையில் மட்டும் படக் கூடாது. ஒரு டிரம் பகலில் பத்து டிகிரி ஏறி, இரவில் பத்து டிகிரி இறங்கினால் 2,000 கிலோ கலோரி. நான்கு டிரம் வைத்தால் ஒரு வைக்கோல் டிரம்முக்குச் சமம், விறகுச் செலவும் இல்லை.

குடில் எத்தனை டிகிரி உயரும் என்று நான் சொல்ல மாட்டேன். அது கொட்டகையின் அளவையும், ஓட்டை உடைசலையும் பொறுத்தது. மூன்றடி ஆழம் தோண்டி அமைத்த பாதிக்குழிக் குடிலில் மண்ணே சூட்டைப் பிடித்து வைக்கும். தரைக்கு மேலே நிற்கும் ஓலைக் கொட்டகையில் பக்கச் சாக்கை மாலை 4 மணிக்கே இறக்கிவிடாமல், எத்தனை டிரம் வைத்தாலும் பயனில்லை.

எருக்குவியலும் ஓர் அடுப்புதான்

ஃபிரான்ஸ் நாட்டின் தெற்குப் பகுதியில் ழான் பெய்ன் என்றொருவர் இருந்தார். 1970-களில் காட்டுப் புதர்க் குச்சிகளைத் துருவலாக்கிப் பெரிய எருமேடு போட்டு, அதற்குள் குழாயைச் சுருட்டி வைத்து, வீட்டுக்கு வெந்நீர் எடுத்தார். நம்மிடம் சாணமும் அறுவடை முடிந்த காளான் படுக்கையும் இருக்கிறது. அதுவே போதும்.

மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி உயரத்துக்குக் குறையாமல் குவித்தால்தான் சூடு நிற்கும். சரியான ஈரத்தோடு குவித்தால் மூன்று நான்கு நாளில் உள்ளே 55, 60 டிகிரி வரை போகும். கம்பியைச் செருகி எடுத்துத் தொட்டால் கை பொறுக்காது. இந்தக் குவியலைக் குடிலின் வெளிச்சுவரை ஒட்டிப் போடுங்க. ஒருபோதும் குடிலுக்குள் போடாதீங்க. ஈயும், பச்சைப் பூசணமும், அம்மோனியா வாடையும் காளானுக்கு ஆகாது. நோய் வந்த படுக்கையை இந்தக் குவியலில் சேர்க்கவும் கூடாது. அதைத் தூரமாகக் கொண்டுபோய் மண்ணில் புதையுங்க.

வெந்நீருக்கு உள்ள உண்மையான வேலை

இனி, தண்ணீரைச் சூடு செய்ய வேண்டிய இடத்துக்கு வருவோம். அது மேற்பூச்சு மண்ணுக்கு ஊற்றும் தண்ணீர். பூவாளியிலிருந்து ஒரு சாண் உயரத்தில் விழும் பெரிய துளி தன் சூட்டை இழப்பதற்குள் மண்ணைச் சேர்ந்துவிடும். அந்தத் தண்ணீர் மண்ணைவிடக் குளிர்ந்து இருக்கக் கூடாது, அவ்வளவுதான். 28 முதல் 30 டிகிரி போதும். கையில் ஊற்றினால் சூடும் தெரியக் கூடாது, குளிரும் தெரியக் கூடாது. 40-ஐத் தாண்டினால் பூசண இழைக்கே கெடுதல்.

இதற்கு மூன்று வழி இருக்கிறது. செலவில்லாததிலிருந்து சொல்கிறேன்.

ஒன்று, அப்போதே எடுத்த ஆழ்குழாய்த் தண்ணீர். மாடித் தொட்டியில் இரவெல்லாம் கிடந்த தண்ணீர் விடியலில் காற்றைப்போலவே குளிர்ந்திருக்கும். பூமிக்கு அடியில் உள்ள தண்ணீருக்கு மார்கழியும் சித்திரையும் ஏறக்குறைய ஒன்றுதான். மார்கழிக் காலையில் கிணற்றில் ஆவி பறப்பதைப் பார்த்திருப்பீங்களே! நம் சமவெளிப் பகுதிகளில் ஆழ்குழாய்த் தண்ணீர் பெரும்பாலும் 26, 28 டிகிரிக்குப் பக்கத்தில் வரும். மோட்டார் போட்டு முதல் இரண்டு நிமிடம் விட்டுவிட்டு அளந்து பாருங்க. பல குடில்களில் பிரச்சினை இதோடு தீர்ந்துவிடும்.

இரண்டு, வெயிலில் கிடக்கும் கறுப்புக் குழாய். சொட்டுநீருக்குப் போடும் 16 மில்லிமீட்டர் பக்கவாட்டுக் குழாய் 100 மீட்டரில் சுமார் 15 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். பழைய குழாய் இருந்தால் கொட்டகைக் கூரை மேல் சுருட்டிப் போடுங்க. மதியம் நல்ல சூடாக வரும். அப்படியே ஊற்றிவிடாமல் வாளியில் கலந்து பயன்படுத்துங்க. உங்கள் ஃபாகர் லைன் வெயிலில் ஓடினால் இதே எச்சரிக்கை அதற்கும் உண்டு. முதலில் வரும் தண்ணீரை வெளியே விட்டுவிட்டு அப்புறம் திறங்க.

மூன்று, அடுப்பில் காய்ச்சிக் கலப்பது. தொட்டித் தண்ணீர் 20 டிகிரி என்றால், ஏழு குடம் தொட்டித் தண்ணீருக்கு ஒரு குடம் கொதிநீர். கலந்தால் 30 டிகிரி. 60 டிகிரி வெந்நீராக இருந்தால் மூன்று குடத்துக்கு ஒரு குடம். எப்போதும் குளிர்ந்த தண்ணீரில் வெந்நீரை ஊற்றிக் கலக்கி, வெப்பமானி வைத்துப் பார்த்த பிறகே பூவாளியில் எடுங்க.

உயிர் சம்பந்தப்பட்ட மூன்று எச்சரிக்கை

குளிர்காலத்தில் அவசரப்பட்டுச் செய்யும் மூன்று காரியங்களைப் பற்றி ஒளிவு மறைவில்லாமல் சொல்ல வேண்டும்.

முதலாவது, மின்சார ராடு. தொட்டியில் ஹீட்டர் ராடைப் போட்டுவிட்டு, சூடேறியதா என்று ஈரக்கையோடு தொட்டுப் பார்க்கும் பழக்கம் ஆளையே கொல்லும். காளான் குடிலில் தரை ஈரம், கை ஈரம், காற்றும் ஈரம். ராடு வேண்டவே வேண்டாம்.

இரண்டாவது, கரி அடுப்பு. இரவில் குடிலை மூடிவிட்டு உள்ளே கரித்தணல் சட்டி வைப்பவர்கள் உண்டு. தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. விடியலில் படுக்கை பார்க்க உள்ளே நுழைபவர் மயங்கி விழுந்தால் வெளியே யாருக்கும் தெரியாது. நெருப்பு எரிப்பது எல்லாம் வெளியேதான்.

மூன்றாவது, வெதுவெதுப்பான தேங்கிய தண்ணீரைப் பனியாக்கித் தூவுவது. இது பலருக்குத் தெரியாத ஆபத்து. லீஜியோனெல்லா என்ற பாக்டீரியா, தேங்கிய தண்ணீர் 25 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்குள் இருந்தால் நன்றாகப் பெருகும். அந்தத் தண்ணீரைக் குடித்து வருவதைவிட, அதன் மெல்லிய துளியை மூச்சில் இழுப்பதால்தான் நிமோனியா வரும். 1989-ல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் போகலூசா என்ற ஊரில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இந்த நோயில் விழுந்தார்கள். காரணத்தைத் தேடிப்போனால், ஒரு கடையில் காய்கறி வாடாமல் இருக்க வைத்திருந்த பனித்தூவல் கருவி! ஃபாகர் தொட்டியை 35, 40 டிகிரியில் நாள் கணக்கில் வைத்திருப்பது அந்தப் பாக்டீரியாவுக்கு நாமே மெத்தை விரிப்பது போல. வயதானவர்கள், புகைபிடிப்பவர்கள், நுரையீரல் நோய் உள்ளவர்கள் குடிலில் வேலை செய்தால் இன்னும் கவனம் வேண்டும். ஃபாகருக்கு அன்றன்று எடுத்த, சூடேற்றாத, சுத்தமான தண்ணீர் மட்டும் விடுங்க. தொட்டியை மூடி வைங்க. வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவிக் காயவிடுங்க. டிரம்மிலும் எருக்குழாயிலும் கிடந்த தண்ணீரை ஃபாகர் பக்கமே கொண்டுபோகாதீங்க.

இன்னொரு சின்ன நட்டமும் உண்டு. நம் கொங்குப் பகுதியில் பல இடங்களில் உப்புத் தண்ணீர். அதைச் சூடாக்கினால் சுண்ணாம்பு பிரிந்து படியும். வீட்டில் வெந்நீர் அண்டாவின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதுதான். ஃபாகர் நாசிலின் ஓட்டை ஊசி முனை அளவு. வெந்நீர் விட்டால் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். ஏற்கெனவே அடைத்திருந்தால் நாசிலைக் கழற்றி, எலுமிச்சைச் சாற்றிலோ வினிகரிலோ ஓர் இரவு ஊறப்போட்டுக் கழுவுங்க. ஊசியால் குத்தினால் ஓட்டை பெரிதாகி, துளியும் பெரிதாகிவிடும்.

மார்கழி, தை மாதத்துக்கு ஒரு நாள் நிரல்

காலை 6.30: மண்ணின் வெப்பத்தையும், காற்று ஈரத்தையும் பார்த்து நோட்டில் எழுதுங்க. தண்ணீர் எதுவும் தூவ வேண்டாம். இரவில் காற்று குளிரும்போது அதன் ஈரச் சதவீதம் தானாகவே ஏறியிருக்கும்.

காலை 10: வெயில் வந்ததும் காற்றுவழிகளை அரை மணி நேரம் திறங்க. குளிருக்குப் பயந்து நாள் முழுக்க மூடி வைத்தால் கரியமில வாயு தேங்கி, காம்பு நீண்டு குடை சிறுத்துவிடும்.

காலை 11 முதல் மதியம் 2 வரை: ஈரமானி 80-க்குக் கீழே காட்டினால் மட்டும் ஃபாகரை ஓரிரு நிமிடம் ஓட விடுங்க. வெளியே சூடாக இருக்கும்போது ஆவியாதல் பிடுங்கும் வெப்பத்தை வெயில் திருப்பிக் கொடுத்துவிடும். படுக்கையைவிடத் தரையையும் சாக்குத் தொங்கலையும் நனைப்பது நல்லது.

மதியம் 12: மேற்பூச்சு மண்ணை ஓரத்தில் கொஞ்சம் எடுத்துப் பிடித்துப் பாருங்க. உருண்டை பிடிக்க வேண்டும், விரல் இடுக்கில் தண்ணீர் கசியக் கூடாது. உருண்டை உதிர்ந்தால் மட்டும் 30 டிகிரித் தண்ணீரைப் பூவாளியில் லேசாகத் தெளியுங்க. கோடையில் ஊற்றிய அளவை மார்கழியில் ஊற்றக் கூடாது.

மதியம் 3: இதற்குப் பிறகு தண்ணீர் கிடையாது. மொட்டின் மேல் நிற்கும் துளி இருட்டுவதற்குள் காய்ந்துவிட வேண்டும்.

மாலை 4: பக்கச் சாக்கு, கதவு எல்லாம் மூடுங்க. சூடு உள்ளே இருக்கும்போதே மூட வேண்டும்.

மாலை 5: வெந்நீர் டிரம்மை நிரப்பி மூடியை இறுக்குங்க.

பருவத்தோடு மல்லுக்கட்ட வேண்டுமா?

நான் மேலே சொன்ன அந்தப் பெண்கள் குழு, ஆழ்குழாய்த் தண்ணீருக்கு மாறினார்கள், காலைத் தெளிப்பை நிறுத்தினார்கள், மூன்று வைக்கோல் டிரம்களை உள்ளே வைத்தார்கள். அழுகல் நின்றது. மொட்டு தாமதமாகவே வந்தது, ஆனால் வந்தது. ஒப்புக்கொண்டதில் முக்கால் பங்கைக் கொடுக்க முடிந்தது. மீதிக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டதால் சமையல்காரரும் கோபித்துக்கொள்ளவில்லை. முப்பதாயிரம் கடன் இல்லை.

அதே குழு இப்போது பயிர்த்திட்டத்தையே மாற்றியிருக்கிறது. ஐப்பசிக்குப் பிறகு புதிய பால் காளான் படுக்கை பாதியாகக் குறைகிறது. அந்த இடத்தில் சிப்பிக் காளான். அதற்கு 20 முதல் 28 டிகிரி போதும் என்பதால் மார்கழிதான் அதற்கு நல்ல பருவம். தினமும் பறித்து உள்ளூரிலேயே விற்க வேண்டும் என்பதுதான் அதிலுள்ள சிரமம். மாசி பிறந்து பகல் சூடு ஏறியதும் மறுபடி பால் காளான். முகூர்த்தத்துக்கென்று கேட்டால், சூடு நிற்கும் பாதிக்குழிக் குடிலில் முடிகிற அளவுக்கு மட்டும் ஒப்புக்கொள்கிறார்கள்.

புதிதாகக் காளான் வளர்க்க வரும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஹீட்டர், ஏசி, தானியங்கிக் கருவி என்று யாராவது விலைப்பட்டியல் நீட்டினால், "எத்தனை லிட்டர், எத்தனை டிகிரி, அதில் எவ்வளவு ஆவியாகும்?" என்று மூன்று கேள்வி கேளுங்க. பதில் வரவில்லை என்றால் வாங்காதீங்க. இந்த மார்கழியில் ஒரு நோட்டில் மண் வெப்பம், காற்று வெப்பம், ஈரம் மூன்றையும் தினமும் காலை, மதியம், இரவு என்று எழுதி வையுங்க. அடுத்த ஆண்டு புரட்டாசியில் அந்த நோட்டைப் பார்த்துத்தான் எத்தனை படுக்கை போடுவது என்று முடிவு செய்ய வேண்டும்.